பெடல் ஸ்டீல் வாசித்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

1969-ல் வந்த 'தி கில்டட் பேலஸ் ஆஃப் சின்' என்ற இசைத்தட்டின் உறையில் நான்கு ஆண்கள் பாலைவனத்தில் நிற்கிறார்கள். எல்லோரும் பூவேலை செய்த பளபள கோட்டு போட்டிருக்கிறார்கள். ஒருவர் கோட்டில் கஞ்சா இலை, இன்னொருவர் கோட்டில் மயில். நான்காவது ஆளின் கோட்டில் மட்டும் டைனோசர் காலத்துப் பறக்கும் பிராணி ஒன்று சிறகை விரித்திருக்கிறது. அவர் பெயர் பீட் க்ளைனோ. 'ஸ்னீக்கி பீட்' என்று கூப்பிடுவார்கள். குழுத் தலைவர்கள் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தபோது அவருக்கு 34 வயது. பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடிக்கும் அனிமேஷன் தொழிலில் ஏற்கெனவே பல வருடம் வேலை பார்த்தவர். 'ஃப்ளையிங் புரிட்டோ பிரதர்ஸ்' என்ற அந்தக் குழுவில் அவர் வாசித்தது பெடல் ஸ்டீல் கிட்டார்.

அமெரிக்கக் கன்ட்ரி இசையும் ராக் இசையும் 1960-களின் கடைசியில், முக்கியமாக லாஸ் ஏஞ்சலஸில், கலந்து பிறந்ததைத்தான் கன்ட்ரி ராக் என்கிறார்கள். அதில் பாடியவர்களை நமக்கு ஓரளவு தெரியும்: ஈகிள்ஸ், நீல் யங், பேர்ட்ஸ். அந்தப் பாட்டுகளின் பின்னால் இழுத்து இழுத்து அழுகிற மாதிரி ஓர் ஒலி வருமே, அதை வாசித்தவர்களின் பெயர் பெரும்பாலும் தெரியாது. அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், எப்படிச் சம்பாதித்தார்கள், மவுசு குறைந்தபோது என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முதலில் கருவி. ஏனென்றால் அவர்களுடைய பிழைப்பைப் பாதி தீர்மானித்ததே அந்தக் கருவிதான்.

காலும் கையும் முழங்காலும்

பெடல் ஸ்டீலைத் தோளில் மாட்ட முடியாது. நான்கு கால்களின் மேல் படுக்கை வாட்டில் கிடக்கும். வாசிப்பவர் அதன் முன்னால் உட்கார வேண்டும். இடது கையில் வழவழப்பான எஃகுத் தண்டு ஒன்று இருக்கும். அதைத் தந்திகளின் மேல் வைத்து நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டே போகும். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மெட்டு இல்லாத தந்தி, அதன்மேல் வழுக்கும் கட்டை, நடுவில் எங்கும் உடையாத கமகம் எல்லாம் அங்கேயும் உண்டு. பெடல் ஸ்டீல் வேறுபடுவது அதற்குப் பிறகுதான்.

வலது கைவிரல்கள் தந்தியை மீட்டுகின்றன. வலது கால், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஒரு பெடலின் மேல் இருக்கிறது. இடது கால் வேறு சில பெடல்களை மிதிக்கிறது. இரண்டு முழங்கால்களும் பக்கவாட்டில் தள்ளுவதற்கென்று நெம்புகோல்கள் தொங்குகின்றன. இந்தப் பெடல்களும் நெம்புகோல்களும் செய்வது ஒரே வேலை: வாசித்துக்கொண்டிருக்கும்போதே குறிப்பிட்ட தந்தியின் சுருதியை ஏற்றுவது அல்லது இறக்குவது.

சங்கராபரண சுரங்களை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும். மூன்று தந்திகள் ச, க, ப என்று சேர்ந்து ஒலிக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் மேற்கத்திய இசையில் கார்டு. இப்போது இரண்டு பெடல்களைச் சேர்த்து மிதித்தால் ச அசையாமல் நிற்கும். க ஏறி ம ஆகும். ப ஏறி த ஆகும். எஃகுத் தண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆனாலும் ஒரு கார்டு உருகி இன்னொரு கார்டாகிவிட்டது. சாதாரண கிட்டாரில் விரலை எடுத்து வேறு இடத்தில் வைத்தால்தான் கார்டு மாறும். நடுவில் ஒரு வெட்டு விழும். இங்கே வெட்டே இல்லை. ஒரு சுரம் நிற்க மற்ற இரண்டும் அதைச் சுற்றி நகர்வதுதான் இந்தக் கருவியின் அடையாளம்.

அழுகைக்குக் காரணம் வலது கால். தந்தியை மீட்டும் கணத்தில் ஒலியைக் குறைவாக வைத்து, நாதம் தேயத் தேயக் காலால் ஏற்றிக்கொண்டே போனால் சுரம் மங்காமல் நீளும். மீட்டிய சத்தம் கேட்காது, சுரம் மட்டும் எங்கிருந்தோ கிளம்பி வருவது போலிருக்கும்.

கன்ட்ரி இசையின் தலைநகரமான நாஷ்வில் நகரத்துக் கலைஞர்களின் கருவியில் பத்துப் பத்துத் தந்திகளாக இரண்டு தளங்கள் இருப்பது வழக்கம். பெட்டியோடு தூக்கினால் 25 கிலோவுக்கு மேல் போகும். கைகால் எல்லாம் தனித்தனியாகச் சிந்திக்கப் பழக வருடக்கணக்கில் ஆகும். ஆகவே நன்றாக வாசிப்பவர்கள் எப்போதும் குறைவு. கேட்ட இடத்தில் வேலை கிடைத்ததற்கு அதுவே காரணம். ஆனால் உட்கார்ந்தபடி, இரண்டு காலும் சிக்கியபடி வாசிப்பவர் மேடையின் முன்னால் வந்து ஆட முடியாது. மைக்கின் முன்னால் நிற்கும் பாடகருக்குத்தான் கைதட்டல், பேட்டி, பத்திரிகைப் படம் எல்லாம்.

ஹவாயிலிருந்து நாஷ்வில்லுக்கு

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கிட்டார் தந்தியின் மேல் எஃகை வைத்து வழுக்கும் முறை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. ஜோசப் கெகுகு என்பவரைத்தான் அதன் தந்தை என்கிறார்கள். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது. இந்தி சினிமாப் பாட்டுகளில் வந்த ஹவாயன் கிட்டார்கூட அதே வம்சம்தான். அமெரிக்கக் கன்ட்ரி இசைக்காரர்கள் அதில் பெடலைச் சேர்த்தார்கள். 1954-ல் வெப் பியர்ஸ் பாடிப் பெரிய வெற்றி பெற்ற 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ் முதன்முதலாகப் பெடலை மிதித்துச் சுரத்தை வளைப்பதைக் காதாரக் கேட்க வைத்தார். அதற்கப்புறம் நாஷ்வில்லில் இருந்த ஸ்டீல் கலைஞர்கள் எல்லோரும் தங்கள் கருவியில் பெடல் பொருத்த ஓடினார்கள். பட்டி எம்மன்ஸ், லாய்ட் கிரீன், மேற்குக் கடற்கரையில் ரால்ஃப் மூனி, டாம் பிரம்லி என்று ஒரு தலைமுறையே உருவானது.

1968-ல் ராக் இசைக்காரர்கள் கதவைத் தட்டியபோது இந்தத் தலைமுறைதான் உள்ளே இருந்தது.

'எல்லா இடத்திலும்'

பேர்ட்ஸ் குழு 1968 மார்ச்சில் நாஷ்வில் வந்தது. நீண்ட முடி வைத்த கலிஃபோர்னியா ராக் பையன்கள், கன்ட்ரி தலைநகரத்தில். ஸ்டீல் வாசிக்க லாய்ட் கிரீனை அமர்த்தினார்கள். அவர் அப்போது அங்கே ஓயாமல் ரெக்கார்டிங் வாசித்துக்கொண்டிருந்தவர். நாஷ்வில் ஸ்டுடியோவில் ஓர் எழுதாத ஒழுங்கு உண்டு. பாடகரின் குரலை யாரும் மிதிக்கக் கூடாது. வரிக்கு வரி இருக்கும் இடைவெளிகளைக் கருவிகள் பங்கு போட்டுக்கொள்ளும். முதல் சரணத்தில் ஸ்டீல் என்றால் அடுத்ததில் பியானோ. ஆகவே கிரீன் வழக்கம்போல, நான் எந்த இடத்தில் வாசிக்கட்டும் என்று கேட்டாராம். எல்லா இடத்திலும் என்று பதில் வந்ததாம். இதைப் பல பேட்டிகளில் அவரே ரசித்துச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு பதிலில்தான் கன்ட்ரியும் கன்ட்ரி ராக்கும் பிரிகின்றன என்று நான் நினைக்கிறேன். கன்ட்ரியில் ஸ்டீல், குரலுக்குப் பதில் சொல்லும் கருவி. இங்கே பாட்டு முழுக்க ஓடும் இன்னொரு குரலாகவே அதை வைத்துவிட்டார்கள்.

'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' என்ற அந்தத் தட்டின் மீதிப் பாட்டுகள் லாஸ் ஏஞ்சலஸில் பதிவாயின. அங்கே ஜே டீ மேனஸ் ஸ்டீல் வாசித்தார். பேர்ட்ஸ் குழு நாஷ்வில்லின் புகழ்பெற்ற கிராண்ட் ஓலே ஆப்ரி மேடையில் ஏறியபோது கிரீனும் கூடப் போய் வாசித்தார். கூட்டம் அவர்களை அன்போடு வரவேற்றது என்று சொல்ல முடியாது. தட்டும் அப்போது அதிகம் விற்கவில்லை, அமெரிக்க விற்பனையை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் 77-ஆம் இடத்தோடு நின்றது. இன்று அதைக் கன்ட்ரி ராக்கின் மூலநூல் மாதிரி கொண்டாடுகிறார்கள். ஆனால் கிரீனோ மேனஸோ குழுவில் சேரவில்லை. தினமும் வேலை கிடைக்கிற ஊரை விட்டுவிட்டு, அடுத்த மாதம் இருக்குமா என்று தெரியாத குழுவோடு ஊர் ஊராகச் சுற்ற அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. ஐம்பது வருடம் கழித்து, 2018-ல், இருவரும் சேர்ந்து அதே பாட்டுகளை ஸ்டீலிலேயே வாசித்து ஒரு தட்டு வெளியிட்டார்கள். உறையின் முன்பக்கத்தில் இந்த முறை அவர்களுடைய பெயர்.

பணம் எந்த வழியில் வரும்?

ஒரு ஸ்டீல் கலைஞருக்குக் காசு வர மூன்று வழிகள் இருந்தன. மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. இதைப் பிரித்துப் பார்க்காவிட்டால் இவர்களில் யார் வாழ்க்கையும் புரியாது.

முதல் வழி ஸ்டுடியோ வேலை, அதாவது செஷன். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்த கூலி இருக்கும். மூன்று மணி நேரம் ஒரு செஷன். அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடித்துவிடுவது நாஷ்வில் வேகம். கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியதுதான். பாட்டு ஒரு கோடித் தட்டு விற்றாலும் வாசித்தவருக்கு விற்பனையில் பங்கு கிடையாது. அதே சமயம், பாட்டு தோற்றாலும் கூலி போகாது. கைராசிக்காரர் என்று பெயர் எடுத்துவிட்டால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு செஷன்கூட உண்டு. வீட்டிலேயே தூங்கலாம்.

இரண்டாவது, குழுவில் உறுப்பினராக இருப்பது. டிக்கெட் வசூலிலும் தட்டு விற்பனையிலும் பங்கு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இசைத்தட்டு நிறுவனம் கொடுத்த முன்பணம், ஸ்டுடியோச் செலவு எல்லாம் முதலில் கழிந்த பிறகுதான் பங்கு என்ற பேச்சே வரும். தொடக்கத்தில் சொன்ன 'கில்டட் பேலஸ்' பில்போர்டு பட்டியலில் 164-ஆம் இடம் வரைதான் போனது. அந்த நிலைமையில் பங்கு என்பது கடனில் பங்குதான்.

மூன்றாவது வழிதான் சூட்சுமம்: பாட்டு எழுதுவது. அமெரிக்காவில் ஒரு பாட்டு வானொலியில் ஒலிக்கும் ஒவ்வொரு முறையும் எழுதியவருக்கும் அவருடைய பதிப்பாளருக்கும் பணம் போகும். பாடியவருக்கும் வாசித்தவருக்கும் வானொலி நிலையம் ஒரு சல்லிக்காசு தருவதில்லை. அங்குள்ள சட்டம் அப்படி. ஆகவே ஒரு பாட்டு நாற்பது வருடம் வானொலியில் ஓடினாலும், அதை மறக்க முடியாதபடி செய்த ஸ்டீல் கலைஞருக்கு அந்த முதல் நாளின் மூன்று மணி நேரக் கூலியோடு கணக்கு முடிந்தது. 'கில்டட் பேலஸ்' தட்டில் பாட்டெழுதியவர்கள் பட்டியலைப் பாருங்கள். குழுவில் இருந்த கிராம் பார்சன்ஸ், கிறிஸ் ஹில்மன், கிறிஸ் எத்ரிட்ஜ் எல்லாரும் இருக்கிறார்கள். அந்தத் தட்டின் ஒலியையே உருவாக்கிய க்ளைனோ இல்லை. 1990-களில் வந்த சட்டப்படி, இணைய வானொலிகள் கட்டும் தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு பெயர் தெரியாத பின்னணிப் பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் போகிறது. ரொம்பத் தாமதமாக வந்த சிறு நியாயம்.

பொம்மைக்காரர்

க்ளைனோவிடம் திரும்புவோம். நாஷ்வில்காரர்கள் வைத்திருந்த நவீனக் கருவி அவரிடம் இல்லை. எட்டுத் தந்தி கொண்ட பழைய மாடல் ஃபெண்டர், கம்பியால் இழுக்கும் பெடல். அதை ஃபஸ் என்ற கரகரப்பூட்டும் கருவி வழியாகச் செலுத்தினார். ஒன்றின் மேல் ஒன்றாகப் பல தடங்களில் பதிவு செய்தார். சில இடங்களில் அது ஸ்டீலா, எலெக்ட்ரிக் கிட்டாரா, வேறு ஏதாவது இயந்திரமா என்றே சொல்ல முடியாது. நாஷ்வில்லில் இப்படி வாசித்திருந்தால் அடுத்த செஷனுக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

1971-ல் குழுவை விட்டு வந்து ஸ்டுடியோ வேலைக்குப் போனார். ஜோனி மிட்செல், ஜான் லெனன், ஸ்டீவி வொண்டர் ஆகியோரின் தட்டுகளில் எல்லாம் அவர் வாசிப்பு இருக்கிறது. ஆனால் பழைய தொழில் கைவிட்டுப் போகவில்லை. பின்னாளில் மறுபடி திரைப்படச் சிறப்புக்காட்சிப் பணிக்குப் போனார். 1983-ல் ஒரு தொலைக்காட்சித் தொடரின் சிறப்புக் காட்சிகளுக்காக எம்மி விருது வாங்கிய அணியில் அவரும் ஒருவர். 1984-ல் வந்த முதல் 'டெர்மினேட்டர்' படத்தின் கடைசியில் தோல் எரிந்துபோன உலோக எலும்புக்கூடு நொண்டி நடந்து வருமே, அந்தக் காட்சிகளின் பொம்மை அசைவில் அவர் கை உண்டு. 2007-ல் இறந்தார். ராக் வரலாறு அவரைப் பாதியில் நின்றுபோன கலைஞர் போலப் பேசுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்டீலை மட்டும் நம்பி வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் சோறு போட முடியாது என்பதை அந்தக் குழுவில் முதலில் புரிந்துகொண்டவர் அவராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ரஸ்டி யங்: ஸ்டீலிலிருந்து குரலுக்கு

பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு என்ற குழு உடைந்துகொண்டிருந்த நேரம், 1968. அதன் கடைசித் தட்டில் ரிச்சி ஃப்யூரே எழுதிய ஒரு பாட்டுக்கு ஸ்டீல் வேண்டியிருந்தது. கொலராடோ மாநிலத்தின் டென்வரில் வளர்ந்த ரஸ்டி யங் என்ற பையனை லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவழைத்தார்கள். ஆறு வயதிலிருந்தே ஸ்டீல் பழகியவர், அப்போது 22. ஒரு பாட்டுக்காக வந்தவர் திரும்பிப் போகவில்லை. ஃப்யூரேயும் ஜிம் மெசினாவும் தொடங்கிய போக்கோ என்ற புதுக் குழுவில் ஆரம்ப உறுப்பினராகிவிட்டார்.

மேடையில் யங் ஒரு வேடிக்கை செய்தார். ஹாமண்ட் ஆர்கனுக்காகச் செய்த, உள்ளே சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கி ஒன்று உண்டு. தன் ஸ்டீலை அதில் இணைத்தார். ஆர்கன் வாசிப்பவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று தேடத் தோன்றும்! ஸ்டீல் அழத்தான் செய்யும் என்ற எண்ணத்தை முதலில் உடைத்தவர்களில் க்ளைனோவும் யங்கும் முக்கியமானவர்கள்.

போக்கோவில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். முதல் பேஸ் கிட்டார்காரர் ராண்டி மெய்ஸ்னர் போய் ஈகிள்ஸில் சேர்ந்தார். அவருக்குப் பதிலாக வந்த டிமோத்தி ஷ்மிட்டும், பல வருடம் கழித்து, அதே ஈகிள்ஸில் அதே மெய்ஸ்னரின் இடத்துக்குப் போனார். மெசினா போனார், ஃப்யூரே போனார். பாட்டெழுதிப் பாடிய தொடக்க உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போன பிறகும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் போகவில்லை. பெரும்பாலான ஸ்டீல் கலைஞர்கள் இந்த இடத்தில் நாஷ்வில்லுக்கு பஸ் ஏறியிருப்பார்கள். யங் பாட்டெழுத உட்கார்ந்தார். 1976-ல் வந்த 'ரோஸ் ஆஃப் சிமரான்' அவர் எழுதியது. அப்புறம் 1978-ல் 'லெஜண்ட்' தட்டுக்காக 'கிரேஸி லவ்' எழுதி அவரே பாடினார். வீட்டுச் சுவரில் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது வந்த பாட்டு என்று சொல்வார். அடுத்த வருடம் அது பில்போர்டு பொதுப் பட்டியலில் 17-ஆம் இடத்துக்கு வந்தது. மென்பாட்டுகளுக்கான பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். போக்கோ பத்து வருடமாக எதிர்பார்த்த வெற்றியைக் கொடுத்தது ஸ்டீல்காரரின் குரலும் பேனாவும். 2021-ல் 75 வயதில் இறக்கும்வரை அந்தக் குழுவின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தே இருந்தது.

இங்கே ஒரு பக்கக் கதை. 'லெஜண்ட்' தட்டின் உறையை வரைந்தவர் ஃபில் ஹார்ட்மன். பிற்காலத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய நகைச்சுவை நடிகரானாரே, அவரேதான்.

விட்டுச்சென்ற நாற்காலி

எல்லோரும் சிறு வயதிலேயே பழகியவர்கள் அல்ல. கிரேட்ஃபுல் டெட் குழுவின் கிட்டார்காரர் ஜெரி கார்சியா 1969-ல் ஸ்டீலைத் தீவிரமாகக் கற்க ஆரம்பித்தார். கற்பதற்கு ஒரு களம் வேண்டுமே, அதற்காக நண்பர்களின் 'நியூ ரைடர்ஸ் ஆஃப் தி பர்ப்பிள் சேஜ்' குழுவில் உட்கார்ந்து வாசித்தார். சில மாதங்களில் க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் அண்ட் யங் குழுவின் 'டீச் யுவர் சில்ட்ரன்' பாட்டுக்கு வாசித்தார். ஸ்டீல் என்றதும் உலகில் நிறையப் பேருக்கு ஞாபகம் வரும் வாசிப்பு இன்றைக்கும் அதுதான். இருபது வருடம் பயின்ற நாஷ்வில்காரர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். கார்சியாவே தன்னை ஸ்டீல் கலைஞன் என்று சொல்லிக்கொண்டதில்லை.

அவருக்குச் சொந்தக் குழு இருந்ததால் 1971-ல் அந்த நாற்காலியை டொரன்டோவைச் சேர்ந்த பட்டி கேஜிடம் விட்டார். கேஜ் முழுநேர ஸ்டீல்காரர். அதற்கு முன் இயன் அண்ட் சில்வியாவின் கிரேட் ஸ்பெக்கில்டு பேர்டு குழுவில் இருந்தவர். பிறகு பாப் டிலனின் 'ப்ளட் ஆன் தி ட்ராக்ஸ்' தட்டிலும் அவர் வாசிப்பு இடம்பெற்றது. நியூ ரைடர்ஸில் பத்து வருடம் போல் இருந்தார். குழு மறுபடி கூடியபோது மறுபடி வந்து உட்கார்ந்தார்.

இன்னொரு விதமான பிழைப்பும் உண்டு: ஒரே பாடகரோடு ஒட்டிக்கொள்வது. பென் கீத், 1961-ல் வந்த பாட்ஸி க்ளைனின் புகழ்பெற்ற பாட்டொன்றில் ஸ்டீல் வாசித்தவர். பத்து வருடம் கழித்து, 1971 பிப்ரவரியில், நீல் யங் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நாஷ்வில் வந்தார். வந்த இடத்தில் ரெக்கார்டிங் ஆரம்பித்துவிட்டார். அவசரமாக ஆள் தேடினார்கள், கீத் வந்தார். அங்கே தொடங்கியதுதான் 'ஹார்வெஸ்ட்', அடுத்த வருடம் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற தட்டு. அவர் அதில் வாசித்ததை எண்ணிப் பார்த்தால் ரொம்பக் குறைவு: ஒரு நீண்ட சுரம், மௌனம், இன்னொரு சுரம். லாய்ட் கிரீன் பாட்டு முழுக்க நிறைத்தார் என்றால் இவர் பாட்டை முக்கால்வாசி காலியாகவே விட்டார். நீல் யங்குக்கு அது பிடித்துவிட்டது. ஏறக்குறைய நாற்பது வருடம் கூடவே இருந்து, 2010-ல் யங்கின் பண்ணையிலேயே இறந்தார். நடுவில் ஜுவல் என்ற புதுப் பாடகியின் முதல் தட்டைத் தயாரித்தார். 1995-ல் வந்த அது கோடிக்கு மேல் விற்றது.

கருவி செய்து பிழைத்தவர்களும் இருந்தார்கள். டாம் பிரம்லி, பக் ஓவன்ஸ் குழுவில் பெயர் வாங்கியவர். அங்கிருந்து விலகி இசட்பி என்ற ஸ்டீல் கிட்டார் நிறுவனத்தை நடத்தினார், ரிக் நெல்சனின் ஸ்டோன் கேன்யன் குழுவில் வாசிக்கவும் செய்தார். மைக்கேல் நெஸ்மித்தோடு வாசித்த ரெட் ரோட்ஸ், கிட்டார் பிக்கப்புகளும் ஆம்ப்ளிஃபையர்களும் செய்து விற்றார். அல் பெர்கின்ஸோ கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழுவுக்குக் குழு தாவியவர்: புரிட்டோஸ், ஸ்டீபன் ஸ்டில்ஸின் மனாசஸ், நடுவில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு ஒரு பாட்டு. இந்தப் பட்டியலில் எனக்கு மிக ஆச்சரியமானவர் ஜெஃப் பாக்ஸ்டர். ஸ்டீலி டேன், டூபி பிரதர்ஸ் குழுக்களில் கிட்டாரும் பெடல் ஸ்டீலும் வாசித்த மனிதர், பிறகு ஏவுகணைத் தடுப்பு பற்றிப் படிக்க ஆரம்பித்து அமெரிக்க அரசுக்கே ஆலோசகரானார். நான் இதைக் கற்பனை செய்யவில்லை.

மவுசு குறைந்தபோது

கன்ட்ரி ராக் பெரிய வியாபாரமானதே ஈகிள்ஸால்தான். ஆனால் அந்தக் குழுவில் தனியாக ஸ்டீலுக்கென்று ஓர் ஆள் இருந்ததே இல்லை. பெர்னி லெடன் பாஞ்சோ, கிட்டார், ஸ்டீல் எல்லாவற்றையும் தானே வாசித்தார். போதாக்குறைக்கு பி-பெண்டர் என்ற உபாயம் வந்திருந்தது. கிளாரன்ஸ் வைட்டும் ஜீன் பார்சன்ஸும் கண்டுபிடித்த இது, தோளில் மாட்டும் வாரை இழுத்தால் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒரு தந்தி ஒரு சுரம் ஏறும்படி செய்யும். ஏறக்குறைய ஸ்டீல் போலவே கேட்கும், நின்றுகொண்டே வாசிக்கலாம், தூக்க 25 கிலோ பெட்டி இல்லை. ஈகிள்ஸ் பிறகு கனமான ராக் பக்கம் போனபோது மற்றவர்களும் பின்னால் போனார்கள். 1970-களின் பின்பாதியில் ராக் குழுக்களில் ஸ்டீலுக்கு நாற்காலி போடுவது குறைந்தது.

உடம்பும் ஒத்துழைக்க வேண்டும். பியூர் ப்ரெய்ரி லீக் குழுவின் ஜான் டேவிட் கால் 1977-ல் விலகியது முதுகுத் தொந்தரவால்தான். இரவு முழுக்கப் பயணம், குனிந்த முதுகு, இரண்டு காலும் அந்தரத்தில். இந்தத் தொழில்நோய் பற்றி ரசிகர்கள் யோசிப்பதில்லை.

வேலை இல்லாமல் போகவில்லை, இடம் மாறியது. லிண்டா ரான்ஸ்டட்டுக்கும் ஜேம்ஸ் டெய்லருக்கும் லாஸ் ஏஞ்சலஸில் வாசித்த டேன் டக்மோர், நாஷ்வில் போய் அங்கே முன்னணி ஸ்டுடியோக் கலைஞரானார். பேர்ட்ஸ் தட்டில் வாசித்த மேனஸ், கிறிஸ் ஹில்மனின் டெசர்ட் ரோஸ் குழுவில் சேர்ந்தார். எரிக் கிளாப்டனின் 'டியர்ஸ் இன் ஹெவன்' பாட்டில் மெல்லிதாகக் கேட்கும் ஸ்டீலும் அவருடையதே. டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவினர் 1991-ல் வந்த தங்கள் கடைசித் தட்டுக்கு நாஷ்வில்லின் பால் ஃபிராங்க்ளினை அழைத்தார்கள். இங்கிலாந்தில் பி. ஜே. கோல் இருந்தார், எல்டன் ஜானின் 'டைனி டான்சர்' பாட்டில் ஸ்டீல் அவர்தான். ராக் உலகத்துக்கு வருடத்தில் எப்போதாவது ஸ்டீல் தேவைப்படும். கன்ட்ரி உலகத்துக்குத் தினமும் தேவை.

எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?

'டீச் யுவர் சில்ட்ரன்' பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். ச-க-ப, ச-ம-த ஆக மாறும் வித்தை காதுக்குப் பிடிபட அதைவிடச் சுலபமான இடம் இல்லை. அப்புறம் பேர்ட்ஸின் 'யூ எய்ன்ட் கோயிங் நோவேர்'. குரல் பாடும்போதும் ஸ்டீல் ஓயாமல் பேசுவதைக் கவனியுங்கள். பிறகு நீல் யங்கின் 'ஹார்வெஸ்ட்' தட்டில் ஏதாவது ஒரு பாட்டு. அங்கே ஸ்டீல் எப்போது வாசிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். க்ளைனோவைக் கடைசிக்கு வையுங்கள். புரிட்டோஸின் 'கிறிஸ்டீன்ஸ் ட்யூன்' முதல் தடவை கேட்கும்போது இதில் ஸ்டீல் எங்கே என்று குழப்பமாக இருக்கும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கிட்டார் என்று நீங்கள் நினைக்கும் அந்தக் கரகரப்பான ஒலியைப் பிடித்துக்கொண்டே போங்கள். அதுதான் ஸ்டீல்.